பின்னுக்குப் போகாத வண்டி

அவர் மனிதர்களை நிறம், உயரம், ஊர், உத்தியோகம் என்ற வழக்கமான அளவுகளால் அளப்பதில்லை. ஒரு ஆள் திரும்புவதற்கு எவ்வளவு இடம் தேவை என்பதை வைத்துத்தான் அளப்பார். "உம்மட லோயர் நல்ல மனிசன் தம்பி, ஆனா டேர்னிங் சேர்க்கிள் பெரிசு" என்பார். அந்த வழக்கறிஞருக்குத் தன் கருத்தை மாற்றிக்கொள்ள ஒரு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று அர்த்தம். கொட்டாஞ்சேனைச் சந்தியில் அன்னாசி விற்ற பெண்ணுக்கு "நிண்ட இடத்தில திரும்புவா" என்று நற்சான்று வழங்கியிருந்தார். நாட்டின் தலைவர்களைப் பற்றிக் கேட்டால், அவர்களுக்கு ஸ்டியரிங்கே பூட்டப்படவில்லை என்பார். என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுவைத்தேன். மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் இன்னும் ஸ்டார்ட் பண்ணேல்லை."

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

அவர் கொட்டாஞ்சேனையில் ஒரு மலர்ச்சாலை நடத்தினார். கொழும்பில் மலர்ச்சாலை என்றால் பூ வாங்கப் போகும் இடமல்ல. சவப்பெட்டி, பிரேத வண்டி, வெள்ளைக் கொடி, பித்தளை விளக்கு எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் இடம். அவருடைய பெயரை நான் எழுதவில்லை. அவருடைய வாடிக்கையாளர்கள் ஒருவரும் அதை விசாரித்ததில்லை. நாங்களும் முதலாளி என்றே கூப்பிட்டோம்.

சின்ன உருவம். எந்த வெயிலிலும் மணிக்கட்டில் பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை. வந்த வழியால் திரும்பிப் போவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தார். தேத்தண்ணிக் கடையில் குடையை மறந்துவிட்டு வந்தால், தெருவில் நின்று திரும்பி நடக்கமாட்டார். அடுத்த தெருவால் போய், அதற்கடுத்த தெருவால் வந்து, மறுபடியும் முன்பக்கமாகவே கடைக்குள் நுழைவார். மழை நாட்களில் இதனால் நன்றாக நனைந்தார்.

நான் அவரைச் சந்தித்தது புதுக்கடையில். நீதிமன்றங்களுக்கு எதிரே, சோற்றுக் கடைக்கு மேல்மாடியில் ஒரு வழக்கறிஞரின் கந்தோரில் நான் எழுதுவினைஞன். சிங்களத்தில் அழுபவர்களின் சத்தியக்கூற்றை ஆங்கிலத்திலும், தமிழில் அழுபவர்களின் சத்தியக்கூற்றைச் சிங்களத்திலும் மாற்றுவது என் வேலை. இலக்கியம் படைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு அந்த வேலையில் பதினைந்து வருடம் இருந்தேன். அவருடைய பிரேத வண்டி வெள்ளவத்தையில் ஒருவரின் மதிலை இடித்துவிட்டது. மதில்காரர் வழக்குப் போட்டார். மற்றவர்கள் இடிக்கவில்லை என்று வாதாட வருவார்கள். இவர் மதில் பிழையான இடத்தில் இருக்கிறது என்று வாதாட வந்தார்.

"மதிலைக் கட்டேக்க, இதுக்குள்ள ஒரு வண்டி எப்பிடித் திரும்பும் எண்டு அந்த மனிசன் யோசிச்சவரோ? கேளுங்கோ. கோட்டில கேளுங்கோ."

"அது அவற்ற காணி, முதலாளி" என்றார் வழக்கறிஞர்.

"காணி அவற்ற. வளைவு எல்லாருக்கும் பொது."

மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து இரண்டு கோப்புகளுக்கு நடுவே திருப்பிக் காட்டத் தொடங்கினார். வழக்கறிஞருக்குத் திடீரென்று கீழே ஒரு வழக்கு ஞாபகம் வந்தது. மீதியை நான் கேட்டேன். இப்படித்தான் எங்கள் நட்பு உண்டானது. எனக்குக் கீழே வழக்கு எதுவும் இருக்கவில்லை.

அவருடைய சிக்கலைப் புரிந்துகொள்ள வெள்ளவத்தை ஒழுங்கைகளைத் தெரிந்திருக்கவேண்டும். எல்லாம் காலி வீதி என்ற பெருந்தெருவில் தொடங்கும். கடலை நோக்கி நேராக ஓடும். ரயில் தண்டவாளத்தில் முட்டி நிற்கும். தண்டவாளத்துக்கு அப்பால் கடல். உள்ளே போன வண்டி வெளியே வரவேண்டுமென்றால் பின்னுக்குத்தான் வரவேண்டும். காய்கறி வண்டிக்கு இது பரவாயில்லை. பிரேத வண்டி அப்படியல்ல. எங்கள் ஆட்கள் பெட்டியைக் கால் முன்னுக்கு இருக்கும்படிதான் ஏற்றுவார்கள், போகிறவர் வீட்டைப் பார்க்காமல் போகவேண்டும் என்பதற்காக. வண்டி பின்னுக்கு எடுத்தால், காலி வீதி வரும்வரை செத்தவர் வீட்டைப் பார்த்துக்கொண்டே போவார். அப்படிப் பார்த்துக்கொண்டு போனவர், மறந்துவிட்ட பொருளை எடுக்க வருவதுபோல, வீட்டிலிருந்து இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போவார் என்பது வெள்ளவத்தைப் பெண்களின் அனுபவ அறிவு.

மற்ற மலர்ச்சாலைக்காரர்கள் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருந்தார்கள். வெறும் வண்டியைப் பின்பக்கமாக ஒழுங்கைக்குள் கொண்டுவந்து, பெட்டியை ஏற்றி, முன்பக்கமாகக் கொண்டுபோனார்கள். இவருக்கு அதைக் கேட்டாலே முகம் சிவக்கும்.

"செத்த வீட்டுக்குக் குண்டியைக் காட்டிக்கொண்டு போறதோ? துக்கம் விசாரிக்கப் போற மனிசன் அப்பிடிப் போவானோ?"

இவருடைய வண்டியோ பழைய அமெரிக்கக் காரின் முதுகில் கட்டியது. கறுப்பு, மரச் செதுக்கல் தூண்கள், கண்ணாடி. அதன் நீளத்துக்கு அது திரும்பவேண்டுமென்றால் ஒரு சக்கரமாவது கடலில் நனையவேண்டும். ஆகவே அவர் அதை மாற்றினார்.

மாற்றியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் சொன்னால் பின்னேரமாகிவிடும். சாதாரண வண்டியில் முன் சக்கரங்கள் மட்டும் திரும்பும். பின் சக்கரங்கள், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போகப்படும் பிள்ளைபோல, மனமில்லாமல் பின்னால் வரும். முன் சக்கரம் இடப்பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் வலப்பக்கம் திரும்பினால், வண்டி தன் இடுப்பை மையமாக வைத்துச் சுழலும். ஒருகொடவத்தையில் கொள்கலன்களுக்கு நடுவே துருப்பிடித்துக் கிடந்த ஒரு ஜீப்பின் முன் அச்சை வாங்கினார். அது திரும்பவும் செய்யும், இழுக்கவும் செய்யும். தெமட்டகொடையில் ஒரு கராஜில் அதைத் தன் வண்டியின் பின்னால் பூட்டினார். முன் ஸ்டியரிங்கையும் பின் அச்சையும் ஒரு கம்பியால் தொடுத்துவிடலாம் என்று கராஜ்காரர் சொல்லியிருக்கிறார். இவர் சம்மதிக்கவில்லை. பெட்டி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, அதற்கு முன்னால் இரண்டாவது ஸ்டியரிங் ஒன்று வைத்தார். பின்னுக்கு ஒரு ஆள் இருக்கவேண்டும் என்றார். அதோடு விடவில்லை. கியர்ப் பெட்டியைத் திறந்து ரிவர்ஸ் பல்லைக் கழற்றி வெளியே போட்டார்.

"அதை ஏன் கழட்டினீங்கள் முதலாளி? ஒரு அவசரத்துக்குப் பாவிச்சிருக்கலாமே?"

"இருந்தா பாவிப்பம், தம்பி."

மலர்ச்சாலைப் பலகையில் புதிதாக ஒரு வரி எழுதினார்: எமது வாகனம் பின்னோக்கிச் செல்லமாட்டாது. வெள்ளவத்தைக் கிழவிகள் நடுவே அவருடைய மதிப்பு உயர்ந்தது. சிலர் உயிரோடிருக்கும்போதே அவரைச் சொல்லிவைத்தார்கள்.

எங்கள் ஒழுங்கையில் என் பெரியப்பா இறந்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். கொழும்பில் மூன்று தெருவுக்கு ஒரு சோதனைச்சாவடி இருந்த காலம். மகன் கனடாவில், அகதி விண்ணப்பம் முடியாமல், வரமுடியாத நிலையில். கொள்ளி வைக்கும் உரிமை பெறாமகனான எனக்கு வந்தது. எந்த மலர்ச்சாலை என்பதைப் பெரியம்மா எங்களிடம் கேட்கவில்லை, சொன்னார்.

"கொட்டாஞ்சேனை ஆளைக் கூப்பிடுங்கோ. பக்கத்து வீட்டு மாஸ்டரை ரிவர்ஸில கொண்டு போச்சினம். ஆறு மாசத்தில மனிசியையும் வந்து கூட்டிக்கொண்டு போட்டுது அந்த ஆள்."

"அவவுக்குச் சலரோகம், சீனி கூடிப்போச்சு, பெரியம்மா."

"சலரோகம் எனக்கும் இருக்கு. அதுதான் சொல்லுறன். இருக்கும்வரைக்கும் கடைக்குப் போனாலும் 'நீயும் வா' எண்டு நிண்ட மனிசன் உங்கட பெரியப்பா. இனியாவது முன்னுக்குப் பார்த்துத் தனியப் போகட்டும்."

முதலாளி வந்தார். ஒழுங்கைக்குள் முன்பக்கமாக, கௌரவமாக, வண்டி நுழைந்தது. பெட்டியை ஏற்றியதும் என்னைத் தனியே அழைத்தார்.

"பின் ஸ்டியரிங் பிடிக்கிற பெடியனை நேற்று மருதானையில சுற்றிவளைப்பில கொண்டு போட்டாங்கள். இண்டைக்கு விடுவாங்கள். அதுவரைக்கும் நீர்தான்."

"எனக்குக் கார் ஓடத் தெரியாது முதலாளி."

"நல்லம். தெரிஞ்ச ஆக்கள்தான் பிழை விடுறது. நான் மணி ஒண்டு அடிச்சா நீர் வலம். ரெண்டு அடிச்சா இடம். மூண்டு அடிச்சா நேராக்கிப்போட்டு இந்தக் கட்டையைச் செருகும். நான் எந்தப் பக்கம் போறனோ அதுக்கு எதிர்ப்பக்கம் நீர். எங்கட ஆக்கள் சங்கக் கூட்டத்தில நடக்கிற மாதிரி எண்டு நினைச்சுக்கொள்ளும்."

இப்படியாக, வெறும் மேலில் சால்வையும் இடுப்பில் வேட்டியுமாக, கையில் தர்ப்பை மோதிரத்தோடு, பெரியப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து நான் ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். மணி ஒன்று அடித்தது. வலப்பக்கம் வளைத்தேன். எங்கள் ஒழுங்கை தன் வாழ்நாளில் காணாத காட்சி அது. அவ்வளவு நீளமான வண்டி, தண்டவாளத்துக்கு முன்னால், இரண்டு மதில்களுக்கு நடுவே, பூசைத் தட்டைச் சுழற்றுவதுபோல் திரும்பியது. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரோ கைதட்டத் தொடங்கி, இடம் தெரிந்து நிறுத்திக்கொண்டார். படலையில் நின்ற பெரியம்மா மெல்லத் தலையசைத்தார். பெரியப்பாவின் திறமை எதற்கும் அவர் அப்படித் தலையசைத்து நான் கண்டதில்லை.

காலி வீதியில் ஏறியதும் மணி மூன்று அடித்தது. நான் சக்கரத்தை நேராக்கினேன். அல்லது நேராக்கியதாக நினைத்தேன். கட்டையைச் செருகினேன். வண்டி நேராகத்தான் போனது, ஆனால் சற்றுச் சரிந்த முகத்தோடு, நண்டு போவதுபோல். பின்னால் வந்த உறவினர்களின் வான் வண்டி எங்களைப் பக்கவாட்டில் தரிசித்தபடி வந்தது. எதிரே வந்த பஸ் சாரதி நாங்கள் அவனை நோக்கி வருகிறோமா இல்லையா என்று தீர்மானிக்க முடியாமல் ஹோர்ன் அடித்தான். முதலாளி கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஏதோ சொன்னார். துக்க காலத்தில் எழுதத்தக்கதல்ல.

கனத்தை மயானத்துக்குப் போகும் உள்தெருவில் சோதனைச்சாவடி. வீதியின் குறுக்கே மாறிமாறிப் பரல்கள், தார் வந்த இரும்புப் பீப்பாய்கள். அவற்றுக்கு இடையே வளைந்துவளைந்து மெதுவாகத்தான் போகமுடியும். சாய்ந்தபடி வந்த பிரேத வண்டியை முதலில் கண்ட சிப்பாய் துப்பாக்கியை நிமிர்த்தினான். முன்னால் யாரோ பெரிய ஆள் போகிறாராம், வீதி மூடியாயிற்றாம்.

"பஸ்ஸட்ட கன்ன" என்றான். பின்னுக்கு எடு.

"ரிவர்ஸ் நே, சேர்" என்றார் முதலாளி. ரிவர்ஸ் இல்லை.

சிப்பாய் அதை மறுப்பாக எடுத்துக்கொண்டான். உண்மையில் அது தகவல்.

அந்த நாட்களில் ஒரு தமிழர் ஒரு சோதனைச்சாவடியில் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்லும் சந்தர்ப்பங்கள் குறைவு. இன்னும் இரண்டு துப்பாக்கிகள் வந்தன. பின்னால் வந்த உறவினர்களின் வான், ரிவர்ஸ் உள்ள வண்டியாகையால், மறைந்துவிட்டது. மண்மூட்டைகளுக்குள்ளிருந்து கண்ணாடி போட்ட ஒரு இளம் அதிகாரி வந்து வண்டியின் பின்கதவைத் திறந்தார். திறந்தவர் ஒரு பெட்டியையும் அதன் பக்கத்தில் வெறும் மேலோடு ஸ்டியரிங் பிடித்திருக்கும் ஒருவனையும் கண்டார்.

"மே மொகக்த?" என்றார். இது என்ன?

எனக்குத் தெரிந்தது சத்தியக்கூற்றுச் சிங்களம் மட்டும். "மேற்படி இறந்தவரின் பெறாமகனாகிய நான்" என்று தொடங்கினேன்.

"யார் ஓட்டுகிறது? நீயா, அவனா?"

"இருவரும், சேர்."

அதிகாரி பெட்டியைப் பார்த்தார்.

"அவர் ஓட்டவில்லை, சேர்" என்றேன்.

முதலாளி இறங்கி வந்தார். கைகளை உயர்த்தும்படி சொன்னார்கள். உயர்த்திய கைகளையே முன் சக்கரமாகவும் பின் சக்கரமாகவும் வைத்து அவர் விளக்கத் தொடங்கினார். சிங்களத்தில், சரளமாக, மகிழ்ச்சியாக. அதிகாரி கேட்டார். இடையில் ஒரு கேள்வியும் கேட்டார், பின் அச்சுக்கு எப்படி இழுவை வருகிறது என்று. முதலாளியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதேயில்லை. எங்கள் வழக்கறிஞர் அந்தக் கேள்வியை ஒருபோதும் கேட்டதில்லை.

"சரி, திருப்பிக் காட்டு."

ஒரு பக்கம் மண்மூட்டை, மறுபக்கம் யாரோ ஒருவருடைய வீட்டு மதில், நடுவில் வண்டி, சுற்றிவரத் துப்பாக்கிகள். பிசகி எந்தப் பக்கத்தை இடித்தாலும் கதை முடிந்தது. மணி ஒன்று அடித்தது. இறுக்கிப் பிடித்து வலப்பக்கம் வளைத்தேன். வண்டி மண்மூட்டைக்கும் மதிலுக்கும் நடுவே, எதையும் தொடாமல், சுழன்று காலி வீதியைப் பார்த்து நின்றது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"ஆயெத் கரன்ன" என்றார். திரும்பச் செய்.

திரும்பச் செய்தோம். உள்ளேயிருந்து இன்னும் சில சிப்பாய்கள் வந்தார்கள். ஒருவன் கையில் சோற்றுப் பார்சல். இன்னொரு முறை என்றார்கள். பெரியப்பா மூன்றாம் முறையும் சுற்றினார். வாழ்க்கையில் அவருக்கு இவ்வளவு பார்வையாளர்கள் கூடியதில்லை.

முதலாளி இறங்கி நின்றார். "எப்பிடி, சேர்?"

"மிக நன்று" என்றார் அதிகாரி. பரல்களைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "இப்படி ஒரு வண்டி வந்தால், நாங்கள் நிறுத்து என்று சொல்லி முடிப்பதற்குள் திரும்பிப் போய்விடும். அப்படியென்றால் இந்தப் பரல்கள் எதற்கு? நாங்கள் எதற்கு? இதை யார் உனக்குச் செய்யச் சொன்னது?"

அவருடைய வடிவமைப்பை முழுமையாகப் புரிந்துகொண்ட முதல் மனிதர் அந்த அதிகாரிதான். அதனால்தான் கைதுசெய்தார்.

பெரியப்பாவையும், கொள்ளி வைக்கவேண்டிய என்னையும் ஆமி ட்ரக்குக்கு மாற்றினார்கள். சிப்பாய்கள் பெட்டியை நல்ல மரியாதையாகத்தான் தூக்கினார்கள். இரண்டு பேர் பிடித்திருக்க, முதலாளி அங்கிருந்து கத்தினார்: "தம்பி! கால் முன்னுக்கு! காலை முன்னுக்கு வைக்கச் சொல்லும்!" கால் முன்னுக்குத்தான் வைத்தார்கள். பிறகு ட்ரக் பின்னுக்கு எடுத்தது. ஒரு சிப்பாய் ட்ரக்குக்குப் பின்னால் நின்று, வரட்டும் வரட்டும் என்று கையைக் காட்டினான். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். அது பெரியப்பாவுக்காக என்று அப்போது நினைத்தேன்.

"முன்னுக்குத்தானே போனவர்?" என்று பெரியம்மா கேட்டார். பெரும்பாலும் முன்னுக்குத்தான் என்றேன். பெரியம்மா அதன் பிறகும் நெடுங்காலம் இருந்தார். சலரோகத்தோடும்.

முதலாளியை ஒரு பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள். அவசரகாலச் சட்டத்தில் உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்று அந்தக் காலத்தில் கேட்பது நாகரிகமல்ல. வருவாரா என்பதுதான் கேள்வி. விசாரணையை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டால் பூசா தடுப்பு முகாம். அங்கிருந்து யாருடைய டேர்னிங் சேர்க்கிளும் வெளியே வருமளவு சிறியதல்ல. எங்கள் வழக்கறிஞர் அவருக்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார். நான் அதைக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன்.

"முதலாளி, இன்ஸ்பெக்டர் கேட்டா, ரிவர்ஸ் கியர் உடைஞ்சுபோச்சு, சாமான் கிடைக்கேல்லை, வேற வழியில்லாமத்தான் பின் அச்சைப் போட்டனான் எண்டு சொல்லுங்கோ. விட்டிடுவாங்கள்."

"உடையேல்லையே. நான் கழட்டினது."

"அது எங்களுக்குத் தெரியும். அவைக்குத் தெரியத் தேவையில்லை."

"தம்பி, உடைஞ்ச வண்டியிலயோ நான் உம்மட பெரியப்பாவைக் கொண்டு போனனான்?"

பக்கத்தில் நின்ற வழக்கறிஞர் என்னைப் பார்த்தார். நான் ஸ்டேப்ளரை நினைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வயதான, கனத்த மனிதர். அவருக்கு முன்னால் முதலாளியை உட்கார வைத்தார்கள். மொழிபெயர்க்க நான் இருந்தேன், தேவைப்படவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்டது ஒரே கேள்வி. இயக்கத்துக்காகச் செய்யவில்லை என்றால், ஒரு பிரேத வண்டிக்கு ரிவர்ஸைக் கழற்றிவிட்டு இப்படியொரு அச்சு எதற்கு?

வழக்கறிஞர் இருமினார். முதலாளி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மணிக்கட்டுப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"எண்பத்து மூன்று கலவரம், சேர். நானும் மனிசியும் காரில வந்தனாங்கள். ஒரு சின்னத் தெரு. முன்னுக்குக் கூட்டம் நிண்டது. கார் அந்தத் தெருவில திரும்பாது. ரிவர்ஸ்தான் எடுக்கவேணும். ஒரே புகை, பின்னுக்கு ஒண்டும் தெரியேல்லை. மனிசி இறங்கிப் பின்னுக்குப் போய் நிண்டு, வாங்கோ வாங்கோ எண்டு கையைக் காட்டினவ. நான் கண்ணாடியில அவவைப் பார்த்துப் பார்த்து எடுத்தனான். பின்னுக்கும் ஆக்கள் வந்தது அவவுக்குத் தெரியாது, அவ என்னைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டவ. நான் கண்ணாடியிலதான் கண்டனான்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்ன கேட்பதென்று தெரியாதவர் கேட்பதுபோல, "காரை எரித்தார்களா?" என்றார்.

"காரையும், சேர்."

முதலாளியே தொடர்ந்தார், ஒரு பொறியியல் விளக்கத்தை முடித்து வைப்பவர்போல.

"நிண்ட இடத்தில திரும்பிற வண்டியெண்டா அவ இறங்கியிருக்கத் தேவையில்லை. பின்னுக்கு ஒரு ஆள் கட்டாயம் வேணுமெண்டா, அந்த ஆள் வண்டிக்கு உள்ள இருக்கவேணும். வெளியில நிக்கக்கூடாது. அவ்வளவுதான் டிசைன்."

அவரோடு எனக்கு அப்போது பல வருடப் பழக்கம். பற்சக்கரங்களின் எண்ணிக்கை வரை எனக்குத் தெரியும். இது தெரியாது. மதில் வழக்கில் நான் அவருக்காக எழுதிய சத்தியக்கூற்றில் மணமானவரா என்ற இடத்தில் கோடு போட்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் எல்லோருக்கும் தேத்தண்ணி சொன்னார். குடித்து முடித்ததும் தன் மேசைக்குரிய குரலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கோப்பு மேலே போகாது. ஆள் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்த அச்சு இந்த ஊரில் ஓடக்கூடாது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரண அச்சைப் பூட்டிக்கொண்டு வண்டியை எடுத்துப் போகலாம்.

தெமட்டகொடைக் கராஜ்காரரே வந்து பொலிஸ் நிலைய முற்றத்தில் அச்சை மாற்றினார். முதலாளி அந்தப் பக்கம் போகவில்லை. வேலை முடிந்த பிறகுதான் எல்லோருக்கும் ஒரு விடயம் புலப்பட்டது. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய பொலிஸ்காரர் மூக்கை முற்றத்துச் சுவரில் முட்டுகிற மாதிரி நிறுத்தியிருந்தார். இருபுறமும் பறிமுதல் செய்த வாகனங்கள். வாசல் பின்பக்கம். வண்டிக்கு இப்போது நான்கு சக்கரத் திருப்பமும் இல்லை, ரிவர்ஸும் இல்லை.

"தள்ளுவோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏழெட்டுப் பொலிஸ்காரர்கள் சுவருக்கும் வண்டிக்கும் இடையே ஒடுங்கி நுழைந்து முன்பக்கத்தில் கைவைத்தார்கள். முதலாளி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். பக்கக் கண்ணாடியைக் கையால் உள்ளே மடித்துவிட்டார். நான் வாசலுக்கு ஒரு பக்கமாக, சுவரோரம் நின்றேன். வண்டி பழைய ஜீப் ஒன்றில் உரசிவிடக்கூடாதே என்று இன்ஸ்பெக்டர் தானே பின்னால் போய் நின்று, கையை உயர்த்தி ஆட்டினார்.

"எண்ட… எண்ட…" வரட்டும், வரட்டும்.

பொலிஸ்காரர்கள் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. முதலாளி பிரேக்கை மிதித்திருந்தார்.

"மாத்தையா, காலை எடுங்கோ!" என்று ஒருவர் தமிழில் சொல்லிப் பார்த்தார்.

அவர் கையிழுவை பிரேக்கையும் போட்டார். கதவைத் திறந்து இறங்கினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். அதுவரை கைதியாக இருந்த அந்தச் சின்ன மனிதர், இன்ஸ்பெக்டரின் உயர்ந்திருந்த கையை மணிக்கட்டில் பிடித்துக் கீழே இறக்கினார். அப்படியே அழைத்துக்கொண்டு முன்னால் வந்தார். பொலிஸ்காரர்கள் தள்ளுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதலாளி தன் பக்கத்து ஆசனத்தின் கதவைத் திறந்து இன்ஸ்பெக்டரை ஏற்றி உட்காரவைத்தார். சீருடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, கதவைச் சாத்தினார். பிறகு மறுபக்கம் போய் ஏறினார். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எங்களிடம் சத்தமாகக் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை, முதலாளி" என்றேன்.

பிரேக்கை விட்டார். பொலிஸ்காரர்கள் தள்ளினார்கள். பிரேத வண்டியில் உயிரோடு முதன்முறையாக ஏறிய இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வண்டி பின்னுக்குப் போனது.